பழைய பிக்அப்பின் ஸ்பிரிங் பட்டைகள்: சேர்ப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

பத்து ஆண்டுகளைத் தாண்டிய பிக்அப் ஒன்றின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே விடை வந்துவிடும்: "ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுடலாம்ணே." செலவு குறைவு, அரை நாளில் வேலை முடிந்துவிடும், வண்டியும் நிமிர்ந்து நிற்கும் என்பதால் உரிமையாளரும் மறுப்பதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் காய்கறி ஏற்றிப் பிழைக்கும் குடும்பத்தில் வளர்ந்தவன் என்ற முறையிலும், எங்கள் வீட்டு வண்டியின் அடிப்பகுதி வேலைகளை இன்றும் உடனிருந்து செய்பவன் என்ற முறையிலும், அந்த விடையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தாழ்ந்துபோன வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த உயரத்துக்கும் விறைப்புக்கும் திருப்பிக் கொண்டுவருவதுதான் பழுதுபார்ப்பு. அதற்கு மேல் விறைப்பைக் கூட்டுவது புதிய பழுதுகளை உண்டாக்கும் வேலை.

டாடாமொபைல் 206 வெளிவந்தது 1988-இல். அதன் வழியில் வந்த 207-களும், பின்னர் மஹிந்திராவின் பொலேரோ பிக்அப்புகளும் நம் சந்தைகளையும் கிராமங்களையும் இணைத்தன. இவற்றின் பின்பக்கம் ஒரே அமைப்புதான்: ஒற்றை அச்சு, இருபுறமும் நீளவாக்கில் ஒவ்வொரு பட்டைக் கட்டு. கட்டின் முன் கண், அதாவது பட்டை நுனியைச் சுருட்டிய வளையம், சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கும். பின் கண் ஷேக்கிளில் தொங்கும். சுமை ஏறும்போது வளைவு நிமிர்ந்து பட்டை நீளும்; அந்த நீளத்துக்கு இடம் கொடுத்து முன்னும் பின்னும் ஆடுவதே ஷேக்கிளின் வேலை. முன்பக்கம் மட்டும் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் அங்கும் பட்டையும் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை அச்சும் இருக்கும். சிலவற்றில் இரு சக்கரங்களும் தனித்தனியே இயங்கும் அமைப்பும், முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற கம்பியும் இருக்கும்.

பட்டைக் கட்டை வெறும் இரும்புத் தகடுகளின் அடுக்காக நினைப்பதிலிருந்துதான் தவறான பழுதுபார்ப்பு தொடங்குகிறது. கட்டைப் பிரித்துத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தால், கண்களைத் தாங்கும் மிக நீளமான மெயின் பட்டையைவிட அதற்கடுத்த பட்டை சற்று அதிக வளைவோடும், அதைவிட அடுத்தது இன்னும் சற்று அதிக வளைவோடும் இருப்பதைக் காணலாம். எல்லாப் பட்டைகளையும் நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைப் போட்டு இறுக்கும்போது, கீழே உள்ள குட்டைப் பட்டைகள் மெயின் பட்டையை மேல்நோக்கி வளைத்து, சுமை உண்டாக்கப்போகும் விசைக்கு எதிரான ஒரு விசையை அதனுள் முன்கூட்டியே ஏற்றிவிடுகின்றன. கண்களைத் தாங்குவது, பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வரும் விசையைச் சேசிஸுக்குக் கடத்துவது ஆகிய இரண்டையும் மெயின் பட்டை ஒன்றே செய்ய வேண்டியிருப்பதால், அதன் பாரத்தை வடிவமைப்பாளர்கள் இப்படிக் குறைத்து வைத்திருக்கிறார்கள். வேறொரு வண்டியின் பட்டையை நீளம் வெட்டி இடையில் செருகினால் இந்த ஒழுங்கு கெட்டுவிடும். பட்டை சேர்த்த சில மாதங்களில் மெயின் பட்டை முறிந்தது என்று பலர் வருந்துவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

விறைப்பின் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரே தடிமனுள்ள ஏழு பட்டைகள் கொண்ட கட்டில் அதே போன்ற இரண்டு பட்டைகளைச் சேர்த்தால் விறைப்பு தோராயமாக 25 முதல் 30 விழுக்காடு கூடும். ஆனால் பட்டையின் விறைப்பு தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் ஏறும். 8 மி.மீ. பட்டைக்குப் பக்கத்தில் அதே நீள அகலத்தில் 10 மி.மீ. பட்டையை வைத்தால், அது மட்டுமே ஏறக்குறைய இரண்டு பட்டைகளுக்குச் சமம். லாரியிலிருந்து கழற்றிய தடித்த பட்டையைப் பிக்அப்பில் பொருத்தினால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது பட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய அடியை, கட்டைச் சேசிஸோடு பிணைக்கும் ஹேங்கர் பிராக்கெட்டும், அதன் ரிவெட்டுகளும், சேசிஸும் வாங்கும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் வண்டியென்றால், கீழடுக்குப் பெட்டிகளில் இருக்கும் பழங்களும் வாங்கும். சுமையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்சக்கரங்கள் சாலையில் ஒட்டாமல் குதிக்கும். அந்த நேரத்தில் பிரேக் அடித்தால் வால் விலகும்.

இதைவிடக் கவலைக்குரிய விளைவு ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பட்டறைகளில் பேசுவோர் மிகக் குறைவு. பல பிக்அப்புகளில் பின்சக்கர பிரேக்குக்குச் செல்லும் அழுத்தத்தைச் சுமைக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் அனுப்பும் வால்வு ஒன்று சேசிஸில் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ சிறு ஸ்பிரிங்கோ பின் அச்சுக்குப் போகும். சுமை ஏறிச் சேசிஸ் தாழ்ந்தால் அந்தக் கம்பி அசைந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தைத் திறந்துவிடும். அதாவது, சுமை எவ்வளவு என்பதை அந்த வால்வு உயரத்தைக் கொண்டே அறிகிறது. பட்டை சேர்த்த வண்டி முழுச் சுமையிலும் போதிய அளவு தாழாது. வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்தே வைத்திருக்கும். நிற்கும் தூரம் நீளும். முன் பிரேக்குகள் சூடேறித் தேயும். மறுபுறம், பட்டை மிகவும் உட்கார்ந்துபோன வண்டி காலியாக ஓடும்போது, சுமை இருப்பதாக அதே வால்வு எடுத்துக்கொள்வதால் மழைச் சாலையில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். ஆகவே தாழ்ந்த வண்டியை அப்படியே விடுவதும் சரியன்று. கண்மூடித்தனமாக உயர்த்துவதும் சரியன்று.

எனவே முதலில் அளக்க வேண்டும். வண்டியைச் சுமையில்லாமல் சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, அச்சுக் குழாயின் மேற்பகுதியிலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள சேசிஸின் அடிப்பகுதிவரை இருபுறமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மட்கார்டிலிருந்து தரைவரை அளப்பது நம்பத்தக்கதன்று. சரக்குத் தொட்டி கோணலாக ஏறியிருக்கலாம், டயர்கள் வேறுவேறு அளவில் தேய்ந்திருக்கலாம். இரு பக்கமும் சமமாகத் தாழ்ந்திருந்தால் பட்டை தளர்ந்துவிட்டது என்று கருத இடமுண்டு. ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால், உடைந்த பட்டையையோ, தேய்ந்து ஓடிப்போன புஷ்ஷையோ (கண்ணுக்குள் இருக்கும் உறையையோ), மேல்நோக்கித் திரும்பிச் சிக்கிக்கொண்ட ஷேக்கிளையோ தேட வேண்டும். அடுத்து, முன் அச்சின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம்வரை இடப்புறமும் வலப்புறமும் அளக்க வேண்டும். இந்த இரண்டு அளவுகளும் ஒத்துவராவிட்டால் பின் அச்சு இடம் பெயர்ந்திருக்கிறது என்று பொருள். நேர்ச்சாலையில் பின்னால் வருபவரின் கண்ணுக்கு வண்டி கோணலாக ஓடுவதுபோல் தெரிவதும், ஸ்டீரிங்கை ஒரு பக்கம் பிடித்தே ஓட்ட வேண்டியிருப்பதும், என்ன செய்தாலும் டயர் ஒருபுறமாகத் தேய்வதும் இதன் அறிகுறிகள்.

அச்சு இடம் பெயர்வதற்குப் பெரும்பாலும் காரணம் மிகச் சிறிய ஒரு பொருள்: சென்டர் போல்ட். அதன் தலை அச்சின் இருக்கையில் உள்ள துளைக்குள் அமர்ந்து, அச்சு எங்கே நிற்க வேண்டும் என்பதைக் குறித்துக் கொடுக்கிறது. ஆனால் அச்சைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலையன்று. அது பட்டைக் கட்டையும் அச்சையும் சேர்த்துக் கட்டும் யூ வடிவ போல்ட்டுகளான யூ போல்ட்டுகளின் வேலை. யூ போல்ட் தளர்ந்தால், பிரேக் பிடிக்கும்போதும் இழுக்கும்போதும் வரும் விசை முழுவதும் இந்த மெல்லிய போல்ட்டின் மேல் விழுந்து அதை வெட்டிவிடும். ஆகவே சென்டர் போல்ட் முறிந்த வண்டிக்குப் புதிய சென்டர் போல்ட் மட்டும் போட்டு அனுப்புவது நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுப்பதாகும். யூ போல்ட்டுகளையும் புதிதாகவே போட வேண்டும். ஒருமுறை முழு இறுக்கத்தில் நீண்டு ஆண்டுக்கணக்கில் உழைத்த யூ போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது. பட்டை சேர்த்துக் கட்டு தடித்த பிறகும் பழைய யூ போல்ட்டையே போட்டு, மரை நட்டுக்கு வெளியே எட்டாமல் உள்ளேயே முடிந்துவிட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படியொரு வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்ட யாரும் துணியக் கூடாது.

புஷ்களைப் பொறுத்தவரை இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். வெண்கலம் அல்லது கன்மெட்டல் புஷ்ஷும் கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளும் உள்ள பின்களுக்கு (கண்ணில் செருகும் ஆணிகளுக்கு) உயிர் கிரீஸ்தான். நிப்பிள் அடைபட்டிருந்தால் கிரீஸ் துப்பாக்கியை எத்தனை முறை அழுத்தினாலும் உள்ளே ஒன்றும் போகாது, பழைய கிரீஸ் மறுபுறம் வெளியே வருகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ரப்பர் புஷ்ஷுக்கோ கிரீஸ் பகை. சாதாரண கிரீஸும் டீசலும் பட்டால் ரப்பர் ஊறி மெத்துப்போய்விடும். ரப்பர் புஷ் போடும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்த ரப்பர் பெரும்பாலும் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, அச்சு தொங்கும் நிலையிலேயே நட்டை இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கிய கணமே ரப்பர் முறுக்கிய நிலைக்குப் போய்விடும். அதன்மேல் பள்ளமும் மேடும் சேர்ந்து விரைவில் கிழித்துவிடும். சக்கரங்கள் தரையில் நின்று, வண்டி தன் இயல்பான உயரத்தில் இருக்கும்போதுதான் இறுதி இறுக்கம் கொடுக்க வேண்டும். புதிய புஷ் ஆறு மாதங்கூடத் தாங்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அச்சு தொங்கும்போதே நட்டை இறுக்கினீர்களா என்பதைத்தான்.

அடுத்து, விரிசல். சுமையின்கீழ் பட்டையின் மேற்பரப்பு இழுபடுகிறது. எனவே விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பிலோ, சென்டர் போல்ட் துளையைச் சுற்றியோ, கிளாம்பு பிடிக்கும் இடத்திலோ, துரு குழி பறித்த இடத்திலோ பிறக்கும். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிகளுக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எடுக்க வேண்டும், அந்த நேரத்தில் அடிப்பகுதி முழுவதற்கும் கறுப்புப் பெயின்ட் அடிக்கும் வழக்கம் இருக்கிறது. பெயின்ட் அடிப்பதற்கு முன் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பட்டைகளையும் ஹேங்கர் பிராக்கெட்டின் ரிவெட்டுகளையும் ஒளி பிடித்துப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெயின்ட் ஏறிவிட்டால் அடுத்த ஆண்டுவரை விரிசல் கண்ணில் படாது.

விரிசல் விட்ட பட்டைக்கு வெல்டிங் கூடாது. பட்டை சாதாரண இரும்பில் செய்யப்படுவதில்லை. சிலிக்கனும் மாங்கனீசும், அல்லது குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகை ஏறத்தாழ 850 முதல் 900 டிகிரி செல்சியஸ்வரை சூடாக்கி, எண்ணெயில் குளிரவைத்து, மீண்டும் 450 டிகிரியை ஒட்டிய சூட்டில் பதப்படுத்துகிறார்கள். வெல்டிங்கின் சூடு அந்தப் பதத்தைக் குலைத்து, ஒட்டின் பக்கத்திலேயே நொறுங்கும் தன்மையுள்ள ஒரு கோட்டை உண்டாக்கிவிடும். கேஸ் வைத்துச் சூடாக்கி வளைப்பதும் அப்படியே. சூடாக்காமல் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றுவது ஓரளவு ஏற்கத்தக்கது. ஆனால் அப்படி ஏற்றிய வளைவு நெடுநாள் நிற்பதில்லை என்பதை அறிந்தே செய்ய வேண்டும். முழுமையாகச் சூடேற்றி, எண்ணெயில் குளிரவைத்து, பதம் போட்டுத் தரும் பட்டறை கிடைத்தால் அந்தச் செலவு தகும். முறிந்த பட்டைக்குக் கொல்லுப்பட்டறையில் நல்ல மதிப்பு உண்டு. அரிவாள் அடிப்பவர்கள் விரும்பி வாங்கும் எஃகு அது.

மீன் ஏற்றும் வண்டிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தூத்துக்குடி, இராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கங்களில் ஓடும் பிக்அப்புகளில் பெட்டியிலிருந்து உருகி வடியும் உப்பு நீர் நேராகப் பட்டைகளின் மேல் விழுகிறது. யூரியா, பொட்டாஷ் மூட்டைகள் ஏற்றும் வண்டிகளிலும் சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்து இதே கேட்டைச் செய்யும். பட்டைகளுக்கிடையே பிடிக்கும் துரு ஊதிப் பெருத்து அவற்றை விலக்குகிறது. உரசும் இடங்களில் நுண்ணிய குழிகள் உண்டாகி, அங்கிருந்து முறிவு தொடங்குகிறது. இத்தகைய வண்டிகளில் இறக்கிய அன்றே நல்ல நீரால் அடிப்பகுதியைக் கழுவுவதும், ஓராண்டுக்கு ஒருமுறையாவது கட்டைப் பிரித்துத் துருவை எடுத்து கிராஃபைட் கலந்த கிரீஸ் தடவிக் கட்டுவதும் புதிய பட்டை வாங்குவதைவிட மலிவு.

ஷாக் அப்சார்பர் உயரத்தைத் தாங்குவதில்லை. ஆட்டத்தை அடக்குவதே அதன் பணி. ஆகையால் தாழ்ந்த வண்டிக்கு ஷாக் மாற்றி நிமிர்த்த முயல்வது வீண். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே ஓரளவு ஆட்டம் அடங்கிவிடுவதால், கையால் அழுத்திப் பார்க்கும் சோதனை பிக்அப்பின் பின்பக்கத்துக்கு அவ்வளவாகப் பயன்படாது. கரடுமுரடான சாலையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து, சைலன்சரில் படாமல் கவனமாகத் தொட்டுப் பாருங்கள்: வேலை செய்யும் ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும், செத்துப்போனது குளிர்ந்தே இருக்கும். ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எண்ணெய் வகை ஷாக்குகளைப் பொருத்துவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்துச் சில முறை இழுத்து அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

முன்பக்கத்தில் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்கும் சோதனை எல்லாருக்கும் தெரியும். ஆட்டம் தெரிந்தால் உடனே கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) போய்விட்டது என்று முடிவு கட்டாமல், ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். மறையாவிட்டால் கிங் பின் அல்லது, அதற்குப் பதிலாகச் சில வண்டிகளில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் அசைத்தால் தெரியும் ஆட்டம் ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் நுனி மூட்டான டை ராட் எண்டைச் சுட்டும். முன் அச்சில் பட்டை உள்ள வண்டிகளில், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே மெல்லிய ஆப்பு போன்ற தகடு இருந்தால் அதை எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் திரும்பப் போட வேண்டும். ஸ்டீரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்புவதற்கான சாய்வைத் தருவது அதுதான். டார்ஷன் பார் உள்ள வண்டிகளில் இடப்பக்கக் கம்பியும் வலப்பக்கக் கம்பியும் வேறுவேறு. மாற்றிப் போட்டால் முறியும். உயரமாக நிற்க வேண்டும் என்பதற்காக அதன் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குபவர்கள் பால் ஜாயிண்டுகளை ஒவ்வாத கோணத்தில் வைத்து அரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாகம் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்க வேண்டும். ஒரே பெயருள்ள வண்டியிலேயே ஆண்டுக்கும் பளு வகைக்கும் ஏற்பப் பட்டையின் எண்ணிக்கையும் தடிமனும் மாறும். இரண்டு மூன்று பட்டைகளோடு நடுவில் தடித்து நுனியில் மெலிந்துபோகும் பாராபோலிக் கட்டுக்குச் சாதாரணப் பட்டையைச் சேர்க்கவே கூடாது. சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய பிராக்கெட், ஷேக்கிள் தகடு போன்றவற்றை நன்றாகப் பார்த்து வாங்கலாம். ஆனால் பழைய மெயின் பட்டையையும் பழைய யூ போல்ட்டையும் அங்கும் வாங்காதீர்கள். அவை எத்தனை சுமை கண்டன என்பது கண்ணுக்குத் தெரியாது. இவ்வளவுக்குப் பிறகும் பட்டை போதவில்லை என்று தோன்றினால், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்து, உண்மையில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்று எடைமேடையில் ஒருநாள் பார்த்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்பது சட்டம். சேசிஸில் விழும் விரிசலுக்கு ஆகும் செலவு அதனினும் பெரிது.

கட்டைப் பிரிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சென்டர் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் அதன் இருபுறமும் சி கிளாம்பு போட்டு, போல்ட்டை எடுத்தபின் கிளாம்புகளை மெல்லத் தளர்த்த வேண்டும். இல்லையேல் உள்ளே அடைபட்டிருக்கும் விசை பட்டைகளை எறிந்து கையையும் முகத்தையும் பதம் பார்த்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல் சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை இருக்கைத் துளையில் அமர்ந்ததை விரலால் தடவி உறுதிசெய்து, நான்கு யூ போல்ட் நட்டுகளையும் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து அதே நட்டுகளை மீண்டும் இறுக்கி, பிரேக் வால்வின் கம்பியை அளவுக்குச் சரிசெய்து, உயரங்களை மறுபடி அளந்து எழுதிக்கொண்டு, அதன் பிறகே வீல் அலைன்மெண்டுக்கு அனுப்ப வேண்டும்.